குடில் பார்க்கும் ஞாயிறு

கிறிஸ்துமஸ் முடிந்து வரும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என் பிள்ளைகள் இருவரையும் என் நாத்தனார்தான் குடில் பார்க்க அழைத்துப் போவாள். இயேசு பாலன் பிறந்த தொழுவத்தைப் பொம்மைகள் வைத்துக் காட்டும் அந்தக் குடிலை, ஜனவரி ஆறாம் தேதி மூன்று ராஜாக்கள் திருநாள் வரை கோவில்களில் கலைக்க மாட்டார்கள். முதலில் சாந்தோம் பெரிய கோவில். அங்கிருந்து கச்சேரி ரோடு வழியாக நடந்து லஸ் பக்கத்துக் காட்டுக்கோவில் என்கிற மாதா கோவில். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சின்னவன் அவள் தோளில் தூங்கிக்கொண்டு வருவான். பெரியவள் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே வருவாள். நான் வாசலில் நின்று அவர்களை வாங்கிக்கொள்வேன். கால் கழுவி, சோறு ஊட்டி, படுக்க வைப்பது என் வேலை.

இது இப்படித்தான் நடக்க வேண்டும் என்று யாரும் தீர்மானித்து வைக்கவில்லை. பெரியவள் கைக்குழந்தையாக இருந்த கிறிஸ்துமஸில் எனக்குக் காய்ச்சல். அப்போது நாத்தனார் ஆசிரியைப் பயிற்சியில் இருந்தாள். நான் தூக்கிக்கொண்டு போகிறேன் அண்ணி, நீங்கள் படுங்கள் என்றாள். அடுத்த வருஷம் வீடு நிறைய விருந்தாளிகள். அதற்கடுத்த வருஷம் சின்னவன் வயிற்றில். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று ஊரில் பாதிப் பேர் கிளம்பிப் போன வருஷத்திலும், தெருவிளக்குகளுக்குக் கறுப்பு மூடி போட்டிருந்த வருஷங்களிலும்கூட அவள் அழைத்துப் போகத் தவறவில்லை. என் கணவருக்குத் தபால் ஆபீஸ் வேலை. கிறிஸ்துமஸ் சமயத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே கஷ்டம். ஆகவே அந்த ஞாயிறு அவளுக்கு என்று ஆகிவிட்டது.

அவள் கெட்டவளாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறவள்; குரலை உயர்த்தமாட்டாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அடுக்களையில் என்னோடு நிற்பாள். நாங்கள் இருவரும் சண்டை போட்டதே இல்லை. ஆனாலும் என் மகள் அவள் மடியில் தலை வைத்துப் படுத்திருப்பதைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது. உடனே மகளைக் கூப்பிட்டு ஏதாவது வேலை சொல்வேன். அவள் அலுத்துக்கொண்டு எழுந்து வருவாள். அந்த அலுப்பும் என் கணக்கில்தான் சேரும்.

எல்லாவற்றையும்விட என்னை அறுத்தது அந்த ஒட்டகம். பெரிய கோவில் குடிலில் நொண்டி ஒட்டகம் ஒன்று இருக்கிறதாம். சாப்பிடும்போது திடீரென்று பிள்ளைகள் இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்து "ஒட்டகம்" என்பார்கள். சோறு தெறிக்கச் சிரிப்பார்கள். நாத்தனார் "உஷ்" என்று கண்ணைக் காட்டுவாள். அதற்கும் சிரிப்பார்கள். ஒரு நாள் மகளிடம், அப்படி என்னடி அந்த ஒட்டகத்தில் என்று கேட்டேன்.

"அது உனக்குத் தெரியாதும்மா. வந்து பார்த்தாத்தான் தெரியும்" என்றாள். ஏழு வயதுப் பெண், சாதாரணமாகத்தான் சொன்னாள். நான் அன்று முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை.

போர் முடிந்த வருஷம் அது. சர்க்கரை இன்னும் அளந்துதான் கிடைத்தது. சேர்த்து வைத்திருந்ததைக் கொண்டு கல்கல் செய்ய உட்கார்ந்தோம். மாவைச் சின்னச் சின்ன உருண்டையாகக் கிள்ளி, புதுச் சீப்பின் பல்லில் வைத்து அழுத்திச் சுருட்ட வேண்டும். சங்கு மாதிரி வரிவரியாக வரும். நாத்தனார் சுருட்டினாள், நான் பொரித்தேன். எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்:

"இந்த வருஷம் குடில் பார்க்க நான் கூட்டிட்டுப் போறேன்."

அவள் சீப்பில் இருந்த உருண்டையைச் சுருட்டி முடித்துத் தட்டில் போட்டாள். "சரி அண்ணி. போய்ட்டு வாங்க. வீட்டை நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவள் ஏன் என்று கேட்பாள், நான் பதில் சொல்லலாம் என்று பல நாளாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அதற்கு இடமே வைக்கவில்லை அவள். இரவு சாப்பாட்டின்போது என் கணவர், ஏன், இரண்டு பேருமாகச் சேர்ந்து போங்களேன் என்றார். நான் அவருக்கு இன்னொரு கரண்டி சோறு வைத்தேன்.

அந்த ஞாயிறு பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் துணியையே மறுபடி போட்டுவிட்டேன். சின்னவனுக்குப் புது ஷூ. வாசலில் நாத்தனார் ஒரு துணிப்பையை நீட்டினாள். தண்ணீர் பாட்டிலும் துண்டும் கொஞ்சம் கல்கலும் இருக்கிறது, சின்னவனுக்குப் பாதி வழியில் தாகம் எடுக்கும் என்றாள். எனக்குத் தெரியாதா என் பிள்ளைக்கு எப்போது தாகம் எடுக்கும் என்று? வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். தெரு திரும்புவதற்குள் சின்னவன் தண்ணீர் கேட்டான்.

பெரிய கோவிலில் நல்ல கூட்டம். விளக்குகளெல்லாம் திரும்பி வந்த வருஷம் என்பதால் குடிலைச் சுற்றிச் சின்னச் சின்னக் கலர் பல்புகள் எரிந்தன. நான் வரிசையில் நின்றேன். மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். இந்தப் பக்கம் இல்லையாம். அத்தை அந்தத் தூண் பக்கமிருந்துதான் வருவார்களாம், அங்கிருந்தால்தான் ஒட்டகம் தெரியுமாம். தூண் பக்கம் போனோம். பாலனையும் மாதாவையும் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் கம்பியில் தொற்றிக்கொண்டு ஓரமாகப் பார்த்தார்கள்.

ஒருவழியாக நானும் பார்த்தேன். ஒரு முழ உயரம்கூட இல்லாத சுண்ணாம்பு பொம்மை. முன்னங்கால் உடைந்து, மூங்கில் குச்சி வைத்துக் கட்டியிருந்தது. அவ்வளவுதான். அதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. பிள்ளைகளோ வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

சின்னவன் என்னை அண்ணாந்து பார்த்தான். "ஒட்டகத்தைப் பேசச் சொல்லும்மா."

ஒட்டகம் பேசுமா என்றேன். அத்தை வந்தால் பேசும் என்றான். என்ன பேசும் என்று கேட்டதும் மகள் தலையைக் குனிந்துகொண்டாள். சரி, நானும்தான் பேச வைக்கிறேனே என்று குரலைக் கனமாக்கிக்கொண்டு, "பிள்ளைங்களா, நல்லாப் படிக்கணும், நல்லாச் சாப்பிடணும்" என்றேன்.

சின்னவன் ஒட்டகத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். "இது அந்த ஒட்டகம் இல்ல" என்றான்.

வெளியே வந்தோம். கோவில் வாசலில் மெழுகுவத்தி விற்கிற ஒரு அம்மாள் சின்னவன் கன்னத்தைக் கிள்ளினாள். அவளுக்கு இவர்களை நன்றாகத் தெரிந்திருந்தது.

"இன்னா நைனா, உங்கம்மா வரலியா? ஒடம்பு சரியில்லியா?"

இவர்கள்தான் எங்கள் அம்மா, அது அத்தை என்று மகள் சொன்னாள். அந்த அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "நீயா பெத்தவ? நான் இத்தினி வருசமா அந்தப் பொண்ணுதான்னு நெனச்சிக்கினு இருந்தேன். மூஞ்சி ஜாடைகூட அப்டியே கீதே."

ஜாடை அப்பாவுடையது, அப்பாவின் தங்கைக்கும் அதே முகம். அவளுக்கு அதைச் சொல்லி விளக்கியிருக்கலாம். என்னால் முடியவில்லை. பிள்ளைகளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தேன். லஸ் அந்தப் பக்கம் என்றாள் மகள். லஸ்ஸுக்குப் போகவில்லை என்றேன். நாத்தனார் எந்தப் பக்கம் திரும்புவாளோ அந்தப் பக்கம் அன்று போக வேண்டாம் என்றிருந்தது எனக்கு.

கடலுக்குப் போனோம். பட்டினப்பாக்கம் பக்கம் மணலில் வலை காயப் போட்டிருந்தார்கள். கட்டுமரங்கள் கரையில் வரிசையாகக் கிடந்தன. மழைக்காலம் முடிந்தும் முடியாத நாள். காற்றும் அலையும் பெரிதாக இருந்தன. முதலில் மகள் உம்மென்று இருந்தாள். ஒரு அலை வந்து பாவாடையை முழங்கால் வரை நனைத்ததும் கத்தினாள்; அப்புறம் சிரித்தாள். சின்னவனுடைய ஷூவைக் கழற்றிக் கட்டுமரத்தின் மேல் வைத்துவிட்டு அவனையும் இறக்கினேன். நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் நின்றேன். அலை உள்வாங்கும்போது காலுக்கடியில் மணல் ஓடுகிறதே, அதைக் கண்டு சின்னவனுக்குத் தாங்க முடியாத சிரிப்பு. என் முழங்காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, பூமி போவுது, பூமி போவுது" என்றான். அந்தக் கொஞ்ச நேரம் என் பிள்ளைகள் எனக்கு மட்டுமே இருந்தார்கள். இதில் அவளுக்குப் பங்கில்லை என்று நினைத்துக்கொண்டே நின்றேன்.

இருட்டுவதற்கு முன் வீடு திரும்பினோம். நாத்தனார் வாசலிலேயே நின்றிருந்தாள், நான் வழக்கமாக நிற்கிற இடத்தில். சின்னவன் ஈர மணலோடு படியேறப் போனான். நான் பின்னாலிருந்து சொன்னேன்:

"ஈரக் காலோட உள்ள வராதே. எத்தனை தடவை சொல்றது? காலைக் கழுவு. தலையைத் துவட்டு."

இரண்டு பேரும் படியில் அப்படியே நின்றார்கள். ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வெடித்துச் சிரித்தார்கள். சின்னவன் தரையில் உட்கார்ந்தே விட்டான்.

"அத்தை! அம்மா ஒட்டகம் மாதிரியே பேசுறாங்க!"

எனக்கு ஒரு கணம் விளங்கவில்லை. பிறகு நாத்தனாரின் முகத்தைப் பார்த்தேன், விளங்கிவிட்டது. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். காது மடல் வரை சிவந்திருந்தது. இத்தனை வருஷமும் அந்த நொண்டி ஒட்டகம் பேசியது என் குரலில். என்னைத்தான் பேசிக் காட்டி, என்னை நினைத்துத்தான் சிரித்திருக்கிறார்கள்.

நான் கொல்லைக்குப் போய்த் தண்ணீர் இறைத்தேன். உள்ளே மகள் கடலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. கடலுக்கா போனீங்க என்று நாத்தனார் கேட்டாள். எந்த இடத்தில் என்று கேட்டாள். தண்ணீரில் இறங்கினீர்களா, அம்மாவுமா இறங்கினாங்க என்று கேட்டாள். சற்றுப் பொறுத்து மறுபடியும், எந்த இடத்தில் என்றாள். அந்தக் கேள்வியின் தொனி எனக்குப் பழக்கமானது. ஒட்டகத்தைப் பற்றி நான் அப்படித்தான் கேட்டிருந்தேன். வாளியைக் கீழே வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். எனக்குப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் வேலைக்கு வேண்டிய வார்த்தை மட்டுமே பேசினோம். மூன்று ராஜாக்கள் திருநாள் கழித்து எங்கள் வீட்டுக் குடிலைக் கலைத்தபோது இருவரும் பக்கத்தில் உட்கார வேண்டியிருந்தது. அவள் ஆட்டுக்குட்டிகளை வைக்கோலில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கேலிக்காக ஆரம்பிக்கல அண்ணி. சின்னவனையும் சேர்த்துக் கூட்டிட்டுப் போன முதல் வருஷம் அவன் கோவில்ல உங்களைக் கேட்டு அழுதான். பெரியவளும் கூடச் சேர்ந்து அழுதா. என்ன செஞ்சும் நிக்கல. அம்மா இங்கதான் இருக்காங்கன்னு அந்த ஒட்டகம் பேசற மாதிரி உங்க குரல்ல பேசிக் காட்டினேன். உடனே ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அப்புறம் ஒவ்வொரு வருஷமும் அதையே கேட்டாங்க."

என்னிடம் ஏன் சொல்லவில்லை என்றேன். "சொன்னா உங்களுக்குக் கஷ்டமா இருக்கும்னு" என்றாள்.

அவள் சொன்னதை நான் நம்பினேன். நம்பியும் மனசு ஆறவில்லை. என் பிள்ளைகள் எனக்காக அழுத அழுகையைக்கூட அவள்தானே கேட்டிருக்கிறாள். நான் அந்த நேரம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

அடுத்த கிறிஸ்துமஸுக்கு நால்வரும் சேர்ந்து போனோம், என் கணவர் சொன்னபடி. கோவிலும் பார்த்தோம், கடலும் பார்த்தோம். சின்னவனுடைய ஒரு கையை அவள் பிடித்தாள், இன்னொரு கையை நான் பிடித்தேன். வழிநெடுக அவன் ஊஞ்சல் மாதிரி தொங்கிக்கொண்டு வந்தான். அவன் எந்தப் பக்கம் முகத்தைத் திருப்புகிறான் என்று நான் பார்த்தேன். அவளும் பார்த்திருப்பாள்.

மறு வருஷம் அவளுக்குக் கல்யாணம் ஆயிற்று. மாப்பிள்ளைக்குக் கோலார் தங்கவயலில் வேலை, கூட்டுக்குடும்பம். அவளை ரயில் ஏற்றிவிட்டுத் திரும்பிய நாள் பிள்ளைகள் அழுது ஓய்ந்தார்கள். இனி அந்த ஞாயிறு எனக்கு மட்டும்தான் என்று எனக்குத் தோன்றியது. தோன்றினாலும், எதிர்பார்த்த அளவுக்குச் சந்தோஷம் வரவில்லை.

அந்த டிசம்பரில் தங்கவயலிலிருந்து உறவுக்காரர் ஒருவர் வந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது என் கணவர் தங்கையைப் பற்றி விசாரித்தார். நன்றாக இருக்கிறாள், அங்கே அவள் கணவனின் அண்ணனுக்கு மூன்று பிள்ளைகள், அவளை விட்டு ஒரு நிமிஷம் பிரிவதில்லை, கிறிஸ்துமஸுக்குக் கோவில் கோவிலாக அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறாள் என்றார் அவர்.

என் மகள் கையில் எடுத்த சோற்றை இலையிலேயே வைத்துவிட்டாள். அந்தப் பிள்ளைகள் எவ்வளவு பெரியவர்கள் என்று கேட்டாள். பெண்பிள்ளை இருக்கிறதா என்று கேட்டாள். இருக்கிறது, உன் வயதுதான் என்றார் அவர். விருந்தாளி எழுந்து கை கழுவப் போன பிறகு நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"அத்தை ஏம்மா அவங்களைக் கூட்டிட்டுப் போகணும்? அவங்களுக்குத்தான் அம்மா இருக்காங்களே" என்றாள்.

நான் சோற்றைப் பிசைந்து அவள் வாயில் வைத்தேன். முகம் தெரியாத அந்த மூன்று பிள்ளைகள் மேல் எனக்கும் கோபமாகத்தான் இருந்தது.