முழங்கால் மேல் ரம்மி

ஆபீஸ் விட்டு வந்து சும்மா சிடுசிடுக்காமல் ஏதாவது பொழுதுபோக்கு வைத்துக்கொள்ளச் சொன்னாள் மனைவி. கீபோர்டு வகுப்பில் சேர்ந்தேன். பக்கத்தில் உட்கார்ந்த ஒன்றாம் வகுப்புக் குழந்தை என் வாசிப்பைக் கேட்டுச் சிரித்ததும் நின்றுவிட்டேன். மாடியில் தக்காளி வைத்தேன். அது எலிகளுக்குத்தான் பொழுதுபோக்காயிற்று.

ரசனை கெட்ட ஜென்மம் நான் என்று முடிவுகட்டி, ரயில் சிநேகிதர்களிடம் புலம்பினேன். ஆபீஸ் முடிந்து சென்ட்ரலில் ரயில் ஏறியதும் எதிரெதிரே உட்கார்ந்து, முழங்கால்கள் மேல் செய்தித்தாளை விரித்து ரம்மி ஆடுவது எங்கள் வழக்கம். பட்டாபிராம் வரும்வரை எவனும் தலை நிமிர மாட்டான்.

"சாயங்காலத்துல பொழுதே போவல மாமே."

"அத்த அப்பால பேசிக்கலாம், சீட்டப் போடு," என்றார் எதிரில் இருந்தவர். போட்டேன். பேச்சு அதோடு மறந்துபோயிற்று.

போன மாதம் ஓய்வு பெற்றேன். நேற்று நான் சீசன் டிக்கெட்டைப் புதுப்பித்துக்கொண்டு வந்ததை மனைவி பார்த்துவிட்டாள்.

"வேலதான் இல்லியே, இன்னாத்துக்குய்யா இது?"

"ஆபீஸ்லேர்ந்து ஊட்டுக்கு வர்றதுக்கு," என்றேன்.