ஊருக்கெல்லாம் அக்கா, எனக்கு மட்டும் மேடம்

அவரைக் கண்டாலே எனக்கு வயிறு எரியும். இதை இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை, என் மனைவியிடம்கூட. அவளுக்குச் சொல்லாமலே தெரிந்திருந்தது.

நாங்கள் இருவரும் ஒரே பொது நூலகத்தில் இருபத்து மூன்று ஆண்டுகள் வேலை பார்த்தோம். அவருக்கு வாசலைப் பார்த்த மேசை. புத்தகம் இரவல் கொடுப்பதும் திரும்ப வாங்குவதும் அங்கேதான். எனக்குப் பின்னறை. புதிதாக வரும் நூல்களுக்கு எண் கொடுத்து, பட்டியலில் ஏற்றி, முதுகில் சீட்டு ஒட்டுவேன். நூலக அறிவியலில் பட்டம் வாங்கியவன் நான். அவர் தபால் வழியில் படித்துத் தேறியவர். தற்காலிக வேலைக்கு வந்து அப்படியே நிலைத்துவிட்டார். கணவருக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பத்து மாதம் ஊரில் இருக்கமாட்டார். பள்ளி விட்டதும் ஒரே மகளை நூலகத்துக்கே வரச் சொல்லி, மேசைக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வீட்டுப்பாடம் எழுத வைப்பார். விதிப்படி தப்பு. ஒருவரும் கேட்டதில்லை.

எல்லோருக்கும் அவர் அக்கா. எழுபது வயதுக்காரர்கூட, "அக்கா, புதுசா ஏதாவது வந்திருக்கா?" என்றுதான் வருவார். நான் மட்டும் மேடம் என்பேன்.

யார் வந்தாலும் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு ஒரு புத்தகத்தைச் சொல்வார். "இத எடுத்துட்டுப் போங்க. முதல் அம்பது பக்கம் கொஞ்சம் இழுக்கும், பொறுத்துக்கங்க. அப்புறம் கீழ வைக்க மாட்டீங்க." போனவர் அடுத்த வாரம் முகமெல்லாம் பல்லாக வந்து நிற்பார். பின்னறைக் கண்ணாடி வழியாக நான் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தப் புத்தகத்தை நான் இரண்டு தடவை படித்திருப்பேன். என்னை ஒரு ஈ காக்காய் கேட்காது.

ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வந்தது நன்றாக நினைவிருக்கிறது. மனைவி இறந்து ஒரு மாதம். அந்த அம்மா எடுத்திருந்த நாவலைத் திருப்பிக் கொடுக்க வந்தார்.

"பாதியில விட்டுட்டுப் போயிட்டா. அடையாளத்துக்கு வச்ச பஸ் டிக்கெட் உள்ளயே இருக்கு" என்றார்.

மேடம் முத்திரையை எடுக்கவில்லை. "மீதிய நீங்க படிச்சிட்டுக் கொண்டு வாங்க."

"எனக்குப் படிச்சுப் பழக்கமில்லக்கா."

"ஒரு நாளைக்கு ரெண்டு பக்கம் போதும். முடிவு என்னன்னு வந்து எனக்குச் சொல்லணும்."

நாலு மாதம் கழித்து வந்தார். நின்றபடியே கதை முழுவதும் சொன்னார். பின்னால் வரிசையில் நின்ற ஆறேழு பேரும் காத்திருந்து கேட்டார்கள். எனக்குக் கண் கலங்கியது உண்மை. வயிறு எரிந்ததும் உண்மை.

தலைமை நூலகர் பதவி காலியானபோது இருவருமே விண்ணப்பித்தோம். அவருக்குக் கிடைத்தது. வாழ்த்துச் சொல்லப் போனேன். "பட்டம் உங்களுக்கு, பதவி எனக்கு. இது என்ன நியாயமோ சார்!" என்று சிரித்தார். அது குத்தலாகப் பட்டு, ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் ஓய்வு பெற்றதும் நாற்காலி எனக்கு வந்தது. வந்தவர்கள் எட்டிப் பார்த்து, "அக்கா இல்லையா?" என்றார்கள். "நான் இருக்கேனே, என்ன வேணும்?" என்றால், "சும்மாதான் சார்" என்று நழுவினார்கள்.

மூன்றாம் வாரம் அவரே வந்தார், உறுப்பினராகச் சேர.

"முகவரிக்குச் சான்று வேணும் மேடம்."

"என் வீடு உங்களுக்குத் தெரியாதா சார்?"

"விதி மேடம்."

மழையில் போய் எடுத்து வந்தார். பிறகு தினமும் வாசிப்புக் கூடத்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். நாலைந்து நாளில் அவரைச் சுற்றி ஆள் கூடிவிட்டது. 'கூடத்தில் பேசக் கூடாது' என்று அச்சடித்து, அவருக்கு நேர் எதிரே இருந்த தூணில் என் கையாலேயே ஒட்டினேன். மறுநாளிலிருந்து அவர் வரவில்லை. மற்றவர்களும் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள்.

இரவல் எண்ணிக்கை ஏன் பாதியாகிவிட்டது என்று மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. அதனால்தான் அவர் வீட்டுக்குப் போனேன். மனசாட்சி உறுத்தி அல்ல. வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. உள்ளே கார் ஓட்டுநர் உட்பட பத்துப் பேர். இந்த வீட்டுக்குத்தான் எல்லோரும் வந்துகொண்டிருந்தார்களா! மறுபடி எரிந்தது.

உட்கார்ந்து சுற்றிலும் பார்த்தேன். ஒரே ஒரு அலமாரி. அதிலும் பாதி மகளின் பழைய பாடப் புத்தகங்கள்.

"உங்க புத்தகமெல்லாம் எங்க மேடம்?"

"எங்கிட்ட ஏது சார்? நான் அவ்வளவா படிச்சதில்ல. வீட்டுக்கு வந்தா சமையல், பிள்ளை. வருஷத்துக்கு நாலு படிச்சிருந்தா அதிகம்."

"அப்புறம் எப்படி எல்லாருக்கும் எடுத்துக் கொடுத்தீங்க?"

"திருப்பிக் கொடுக்க வர்றவங்ககிட்ட, எப்படி இருந்துச்சுன்னு கேட்பேன். அவங்க சொன்னத அடுத்தவங்களுக்குச் சொல்வேன். அவ்வளவுதான்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அலமாரி அலமாரியாகப் படித்துத் தள்ளியவன் நான். இல்லாத படிப்பைப் பார்த்தா இத்தனை காலம் வெந்தேன்! மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "கூடத்துக்கு வாங்க மேடம். அந்த நோட்டீஸ எடுத்துடறேன்" என்றேன்.

"அத நீங்களா ஒட்டினீங்க? மேல இருந்து சொல்லி ஒட்டினாங்கன்னு நெனச்சேன்" என்றார். நிஜமாகத் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே என்னைக் காப்பாற்றினாரா, இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

மறுநாள் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தார். அவர் பார்க்கவேண்டும் என்றே, புத்தகம் திருப்ப வந்த ஒரு கல்லூரிப் பெண்ணிடம், "எப்படி இருந்துச்சும்மா?" என்று கேட்டேன். அவள் வெலவெலத்துப் போனாள். "நான் கிழிக்கல சார். வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு." மேடம் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அதன்பின் ஒன்பது வருஷம் வந்தார். இடுப்பு வலி வீட்டோடு முடக்கும்வரை. போன வருஷம் இறந்துபோனார். தெருக்கோடி வரைக்கும் கூட்டம். வாசலில் நின்ற எனக்கு அப்போது தோன்றியது, நாளைக்கு எனக்கு இதில் கால்வாசியாவது வருமா என்று. எங்கே வந்து என்ன கணக்குப் போடுகிறேன் என்று கூசிப்போனேன். ஆனாலும் ஓட்டுநர் தேம்பியபோது இன்னொரு முறை தோன்றத்தான் செய்தது.

மகள் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மாவப் பத்தி நாலு வரி எழுதிக் கொடுங்க மாமா. லைப்ரரியில மாட்டப் போறாங்களாம். அவங்கள உங்க அளவுக்கு யாருக்குத் தெரியும்?"

எழுதிக் கொடுத்தேன். இங்கே சொன்னது எதுவும் அந்த நாலு வரியில் இல்லை.