செல்லையா கடையில் இரண்டு குழல் விளக்குகள்

சனிக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மதுரையில் ரயில் ஏறினேன். கையில் ஒரு பை. தோளில் நாலடி நீளத்துக்கு வைக்கோல் சுற்றிய ஒரு பொட்டலம். மூன்றாம் வகுப்பில் அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் குறுக்காகப் போட்டுக்கொண்டேன். எதிரே இருந்தவர் கரும்பா என்று கேட்டார். பக்கத்திலிருந்தவர், "நாதஸ்வரமாயிருக்கும், ஆளைப் பார்த்தால் தெரியவில்லையா?" என்றார். இரண்டும் இல்லை, இரண்டு குழல் விளக்குகள் என்று சொல்லி, ஒரு நீண்ட கண்ணாடிக் குழாய்க்குள் வெள்ளை வெளிச்சம் எப்படி உண்டாகிறது என்று திருமங்கலம் வரைக்கும் விளக்கினேன். இருவரும் தூங்கிவிட்டார்கள்.

நான் மதுரையில் மின்சாரச் சாமான் விற்கும் கடையொன்றில் வேலை பார்க்கிறேன். பி.எஸ்ஸி. முடித்து எட்டு மாதமாகிறது. வெளிச்சத்தைப் பற்றி எதையாவது படித்துவிட்டால் அன்றைக்கே யாரிடமாவது சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. அப்படித்தான், ஒரே ஒரு சுவிட்சு வாங்கிப் போக வந்த சங்கரன்கோவில் செல்லையாவின் தலையில் இரண்டு குழல் விளக்குகளைக் கட்டினேன். அறையில் வெளிச்சம் கூடினால் மனிதர்களின் மனம் மலரும், மனம் மலர்ந்தால் பசி எடுக்கும் என்று அடித்துச் சொன்னேன். அவர் வைத்திருப்பது கிளப்புக் கடை. இட்லி, தோசை, காப்பி. அதனால் பசி என்ற வார்த்தை அவரைப் பிடித்துக்கொண்டது.

விருதுநகரில் வண்டி மாற வேண்டும். மொத்தம் எழுபத்தைந்து மைல். கட்டணம் இரண்டு ரூபாய்க்கு ஓரணாக் குறைவு. ராஜபாளையம் தாண்டியதும் வலது பக்கத்தில் மலை கூடவே வந்தது. இடது பக்கம் பனையும் கரிசலும் ஆடிக் காற்றில் பறக்கும் புழுதியும்தான். மதியம் ஒன்றரைக்குச் சங்கரன்கோவிலில் இறங்கி, நாலணாவுக்கு ஜட்கா பேசினேன்.

"செல்லையா கடையா? இப்பம் கட்டடத்துக்கு மாறிட்டாருல்லா," என்றார் ஜட்காக்காரர். "முந்தி சந்தை முக்குல ஓலைக் கொட்டகையில இருந்தாரு. ஏதோ புதுசா லைட்டு வருதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியுதாரு. அது நீங்கதானா?"

விளக்கு பொட்டலத்தில் இல்லை, நான்தான் விளக்கு என்பதுபோல் அவர் என்னைப் பார்த்தது எனக்குப் பெருமையாக இருந்தது.

மாலை மூன்று மணி. கடை பதினெட்டடி நீளம், பன்னிரண்டடி அகலம். தெருவைப் பார்த்த முகப்பு முழுவதும் திறப்பு. பலகைக் கதவுகளைக் கழற்றிவிட்டால் சுவரே கிடையாது. நடுவில் ஒரே ஒரு நாற்பது வாட் பல்பு, புகை படிந்து பழுத்த மஞ்சளாய்த் தொங்கியது. ஐந்து மேஜைகள். மூலைகளில் உட்கார்ந்திருப்பவரின் முகம் தெரியாது. குழல் விளக்குக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா என்று நான் நாக்கைச் சப்புக்கொட்டினேன். செல்லையாவும் நானும் சாக்குக்கட்டியால் கூரையில் கோடு போட்டு, இரண்டு குழல்களையும் முன் வரிசை மேஜைகளுக்கு நேர் மேலே, தெருவிலிருந்து பார்த்தால் கடை முழுக்கத் தெரியும்படி மாட்டினோம். அவருடைய மனைவி கோமதி அடுப்படியிலிருந்து இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டு அடுப்புக்கே திரும்பினார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டே செல்லையா சொன்னார்: "தம்பி, ஆடித் தபசுக்குக் கொடியேற நாலு நாள்தான் இருக்கு. அந்தக் கூட்டம் உள்ள வந்து உக்காந்தாத்தான் இந்தக் கட்டடத்துல நான் நிக்க முடியும். இல்லேன்னா வாசுதேவநல்லூர்ல மச்சான் கடைக்கே திரும்பப் போயி மாவாட்டணும். பத்து வருசம் ஆட்டியாச்சு. இனி என் கையி அந்த உரலத் தொடாதுன்னு அவன்கிட்டச் சொல்லிட்டு வந்திருக்கேன்."

"கவலைப்படாதீர்கள் அண்ணாச்சி," என்றேன். எவ்வளவு சுலபமாகச் சொன்னேன்!

ஆறே முக்கால். சுவிட்சைத் தட்டினேன். குழல்கள் இரண்டு மூன்று முறை கண்சிமிட்டிவிட்டு, குபீரென்று எரிந்தன. தெருவில் ஒரு சத்தம் எழுந்தது. ஐந்து நிமிஷத்தில் முப்பது பேர் கூடிவிட்டார்கள். "ஏலே, பகலு மாதிரி அடிக்குதுல!" "சுவத்துல போற எறும்பு தெரியுதுவே!" செல்லையா வாசலில் நின்று இரண்டு கைகளையும் விரித்து எல்லோரையும் உள்ளே அழைத்தார்.

ஒருவரும் வரவில்லை.

தினமும் வருகிற நூல் வியாபாரி ஒருவர், தெருவில் நிழலாயிருந்த இடத்துக்கு நகர்ந்து நின்றுகொண்டு, "இங்கனயே ஒரு காப்பி குடு செல்லையா," என்றார்.

"உள்ள வாரும்வே. எடம் சும்மாத்தான கிடக்கு."

"இருக்கட்டும் இருக்கட்டும். காத்தாட நிக்கேன்."

ஆடிக் காற்று டம்ளருக்குள் மண்ணை அள்ளிப் போட்டது. அவர் மண்ணோடு குடித்துவிட்டு, விளக்கைப் புகழ்ந்துவிட்டுப் போனார். அவரைப் பார்த்து மற்றவர்களும் வெளியே நின்றே குடித்தார்கள். எட்டு மணிக்குள் செல்லையாவின் சாம்பாரில் ஏடு கட்டிவிட்டது. ஐந்து மேஜைகளும் புதிதாய்த் துடைத்ததுபோல் பளபளத்தன.

"அந்தப் பல்பு எரிஞ்சப்போ இந்நேரம் பாதி மேசையாவது நெறஞ்சிருக்கும்," என்றார் அவர். என்னைக் குறை சொல்லவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஞாயிறு காலை ஐந்தரைக்கே விழித்து, காரணங்களை ஒரு தாளில் எழுதினேன். குழலின் ரீங்காரம் காதை உறுத்துகிறதோ? கண்சிமிட்டல் பயமுறுத்துகிறதோ? வெள்ளை வெளிச்சத்தில் இட்லி கொஞ்சம் நீலமாகத் தெரிந்தது உண்மை. சாம்பார் சேற்று நிறம். அப்படியானால் காப்பியை மட்டும் ஏன் குடித்தார்கள்?

தாள் நிறைந்தும் தெளிவு வரவில்லை. கோவிலுக்குப் போனேன். வெளியே கண் கூசும் வெயில். உள்ளே போகப் போக வெளிச்சம் வடிந்து, சந்நிதியில் ஒற்றை எண்ணெய் விளக்கு. வெளி மண்டபத்தில் வீட்டுச் சண்டையை உரக்கப் பேசிக்கொண்டு வந்த பெண்கள், இருட்டு தொடங்கும் தூணுக்கு அந்தப் பக்கம் தாமாகவே குசுகுசுவென்று பேசினார்கள். யாரும் வாயைப் பொத்தச் சொல்லவில்லை. பிரகாரத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று கட்டுச்சோறு சாப்பிட்டது. வெளிச்சமான இடம் எவ்வளவோ இருக்க, ஏழு பேரும் சுவரைப் பார்த்து, முதுகை ஊருக்குக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். வெயிலுக்காக என்று நினைத்துக் கடந்துவிட்டேன்.

தெருவில் பத்துப் பேரிடமாவது நேரடியாகவே கேட்டேன். ஏன் கடைக்குள் வரவில்லை?

"பசிக்கல்ல தம்பி."

"வீட்டுல ஆக்கியாச்சு."

"லைட்டு சும்மா ஜோரா இருக்கு. எங்க ஊருக்கும் கொண்டாங்களேன்!"

எல்லோருக்கும் விளக்கு பிடித்திருக்கிறது. ஒருவரும் அதன் கீழே உட்கார மாட்டார்கள். நிறம்தான் குற்றமாயிருக்க வேண்டும். பட்டம் ஒட்டும் மஞ்சள் காகிதத்தை அரையணாவுக்கு வாங்கிக் குழல்களின் மேல் சுற்றினேன். இட்லியில் நீலம் போனது, சாம்பாருக்குச் செம்மை வந்தது. மாலையில் விளக்கைப் போட்டோம். கூட்டம் நேற்றைவிடக் கொஞ்சம் குறைவு. உள்ளே ஈ மட்டும் வந்தது.

ஏழு மணிக்குச் செல்லையா ஒரு யோசனை சொன்னார். "ஒருத்தர் உக்காந்துட்டா மத்தவக பின்னால வந்துருவாக. நீங்களே முன்னால உக்காருங்க தம்பி."

நல்ல யோசனைதான். முதல் மேஜையில், குழலுக்கு நேர் கீழே, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். இலையில் நாலு இட்லி, மேலே சாம்பார். எனக்கு உண்மையிலேயே நல்ல பசி. முதல் துண்டைப் பிட்டேன். தெருவில் குருவிகுளத்துப் பக்கத்திலிருந்து வந்த ஆட்டுக்காரர் ஒருவர், கம்பைத் தாடைக்கு முட்டுக் கொடுத்து நின்றிருந்தார். அவர் கண் என் விரலைப் பார்த்தது. விரல் சாம்பாருக்குப் போனது, கண்ணும் போனது. விரல் வாய்க்கு வந்தது, கண்ணும் வந்தது. அவருக்குப் பக்கத்தில் இரண்டு பெண்கள், அவர்களுக்குப் பின்னால் மூன்று பேர். யாரிடமும் கெட்ட எண்ணம் இல்லை. வெளிச்சத்தில் அசைவது என் வாய் ஒன்றுதான், அதைத்தானே பார்ப்பார்கள்?

மென்றது தொண்டையில் நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தேன், குடிப்பதையும் பார்த்தார்கள். புரையேறியது. "பைய, பைய!" என்று ஆட்டுக்காரர் தெருவிலிருந்தே அக்கறையாகச் சொன்னார். அவ்வளவுதான். இலையை இரண்டு கைகளாலும் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் ஓடினேன்.

கோமதி தோசைக் கல்லிலிருந்து நிமிர்ந்தார். "என்ன தம்பி, பந்தியில வெரட்டுன மாதிரி வாறிய?"

"பார்க்கிறார்கள் அக்கா."

"பாக்கத்தான் செய்வாக. நாடக மேடையில ராசாவ உக்கார வச்ச மாதிரில்லா வச்சிருக்காரு. தின்னுத எலைய நாலு பேரு கண்ணு பாத்தா அது உடம்புல ஒட்டுமா? எங்க ஊருப் பக்கம் பிள்ளைக்குச் சோறு குடுத்தாக்கூட வாசலுக்கு முதுகு காட்டித்தான் குடுப்போம்."

"இதை நேற்றே சொல்லியிருக்கலாமே?"

"என்கிட்ட யாரு கேட்டா? ரெண்டு ஆம்பளையளும் கட்டிய வச்சுக் கோடு போட்டுக்கிட்டே இருந்திய. நானும் ஏதோ படிச்ச வெவகாரம்னு இருந்துட்டேன்."

செல்லையா பின்னாலேயே வந்து நின்றிருந்தார். "எனக்கு எப்படித் தோணாமப் போச்சு?" என்று தன் நெற்றியில் தட்டினார்.

"ஒங்களுக்கு எங்க தோணும்? இத்தன வருசமா அடுப்புக்குப் பின்னால குத்தவச்சுத் தின்ன ஆளு. என்னைக்கு ஒரு கடையில முன்னால உக்காந்திருக்கிய?"

அடுப்படி மூலையில், புகைக்கு நடுவே உட்கார்ந்து நாலு இட்லியையும் தின்றேன். நன்றாக இறங்கியது.

அப்படியானால் இந்த விளக்குகளை என்ன செய்வது? திங்கள் காலை ஆறு மணிக்கு இரண்டையும் இறக்கினோம். சமையல் நடப்பதை எல்லோரும் பார்க்கட்டும், தின்பவர் மறைவாயிருக்கட்டும் என்று ஒன்றை அடுப்படியில் மாட்டினேன். விளக்கு எரிந்த மறுகணம் சுவரில் அப்பிய கரியும், உத்தரத்தில் ஒட்டடையும், ஒரு பல்லியும் எங்களைப் பார்த்தன.

"என் அடுப்படிய ஊருக்குச் சிரிப்பாக் காட்டுதியளா? அமத்துங்க அத!" என்று கோமதி கரண்டியை ஓங்கினார். அணைத்தேன்.

பிறகு அந்தக் குழலைப் பின்முற்றத்தில், கை கழுவுகிற தொட்டிக்கு மேல் கட்டினோம். மற்றொன்றை வாசலுக்கு வெளியே, கூரை நீட்டிய இறவாணத்துக்கு அடியில், கடைப் பலகைக்கு மேல். அதன் முதுகில் ஒரு தகரத்தை வளைத்து அடித்து, வெளிச்சம் முழுவதையும் தெருவில் கொட்டும்படி செய்தேன். உள்ளே பழைய நாற்பது வாட் பல்பு. அதைத் துடைக்கப் போன என் கையைச் செல்லையா பிடித்துக்கொண்டார். "வேண்டாம் தம்பி. அப்படியே இருக்கட்டும்."

ஆறே முக்காலுக்கு விளக்கைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தேன். வாசல் பகலாக இருந்தது. அந்தப் பளீரில் கூசிய கண்ணுக்கு உள்ளே இருப்பது மங்கலான மஞ்சள். ஆள் இருப்பது தெரிந்தது, யார் என்று தெரியவில்லை, இலையும் தெரியவில்லை. உள்ளே போய் மூலையில் உட்கார்ந்தேன். இப்போது தெருவில் போகிறவர்களின் மீசைமயிர்கூட எனக்குத் தெரிந்தது. நான் அவர்களைப் பார்க்கலாம். அவர்கள் என்னைப் பார்க்க முடியாது.

முதலில் நூல் வியாபாரி வந்தார். வாசலில் கொஞ்சம் தயங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, நேராக இடது மூலைக்குப் போனார். அப்புறம் பனவடலிசத்திரத்திலிருந்து வண்டி கட்டி வந்திருந்த நாலு பேர். அப்புறம் யார் யாரோ. தெருவில் போகிற ஒவ்வொருவரையும் பற்றி உள்ளே இருந்தவர்கள் ஏதாவது சொல்லிச் சிரித்தார்கள். "அந்தா போறாரு பாரு, புதுச் செருப்பு!" "இன்னொரு தோசை வை அண்ணாச்சி, இப்பம் அவன் மச்சினன் வருவான், பாத்துட்டுப் போவோம்." நான் மாட்டிய விளக்கில் இப்போது தின்பவர்கள்தான் ஊரைப் பார்த்தார்கள். இது சரியா என்று எனக்குத் தெரியவில்லை.

எனக்கு ஏழே முக்கால் வண்டி. வழியனுப்ப ஸ்டேஷன் வரைக்கும் வருவதாகச் செல்லையா காலையில் சொல்லியிருந்தார். ஜட்கா வந்ததும், கையில் தோசைக் கரண்டியோடு வாசல் வரைக்கும் வந்து, "தம்பி, இந்த..." என்று ஏதோ ஆரம்பித்தார். "சட்னி என்னாச்சு அண்ணாச்சி?" என்று உள்ளேயிருந்து மூன்று குரல்கள் ஒன்றாகக் கேட்டன. திரும்பி ஓடினார். அதற்கு மேல் அவர் வெளியே வரவில்லை. நான் தனியாகவே ஸ்டேஷனுக்குப் போனேன். அதைவிட நல்ல வழியனுப்பல் எனக்கு வேண்டியிருக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் மதுரையில், வழக்கமாகச் சாப்பிடும் மெஸ்ஸில் உட்கார்ந்தேன். பகலிலும் நாலு பெரிய பல்பு எரியும் அறை. இரண்டு சுவரிலும் கண்ணாடி. நாற்பது பேர் எதிரும் புதிருமாகச் சாப்பிடுகிறார்கள். ஒருவருக்கும் கூச்சம் இல்லை. சங்கரன்கோவிலில் தொண்டையை அடைத்தது இங்கே ஏன் அடைக்கவில்லை? பட்டணத்தாருக்குக் கண் என்றால் பயம் கிடையாதா? பல்பின் மஞ்சளா? பழக்கமா? இதற்கு விடை கண்டுபிடித்துவிட வேண்டும் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எதிரே இருந்தவர் கவளத்தைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"என்ன சார் வேணும் உங்களுக்கு?" என்றார்.

ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு என் இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். வரிசை முழுவதும், எல்லோரும் அப்படித்தான் குனிந்திருந்தார்கள்.