கொடுவா என்று நம்பி நின்றவர்

இது இன்று காலை, ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தில் நடந்தது.

மாதா கோயில் பூசை முடிந்ததும் என் வீட்டுக்காரர் தூண்டிலோடு கிளம்பினார். சுனாமிக்குப் பிறகு நான் அவரைத் தனியாக விடுவதில்லை. என் தம்பியையும் கூட்டிக்கொண்டு போனேன்.

அவர் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி, தூண்டில் நரம்பை மணிக்கட்டில் மூன்று சுற்று சுற்றிக்கொண்டார்.

“ஏங்க, கையில சுத்தாதீங்க!”

“கொடுவா மீனு எகிறிக் குதிக்கும், தலைய ஆட்டும், அப்புறம் சோர்ந்துடும். பயப்படாதடி.”

“பாறை மீனு மாட்டிச்சின்னா என்னா பண்ணுவீங்க மச்சான்?” என்றான் தம்பி. “அது குதிக்காது. நேரா ஆழத்துக்கு இழுத்துனு போவும்.”

“இங்க ஏதுடா பாறை?”

சொல்லி வாய் மூடவில்லை, நரம்பு விறைத்தது. தண்ணீரில் எதுவும் குதிக்கவில்லை. அவர்தான் குப்புற விழுந்து ஆழத்துப் பக்கம் போனார்.

“மாதாவே!” என்று கத்திக்கொண்டே இறங்கினேன். தம்பி அவர் இடுப்பைப் பிடித்தான். கரையிலிருந்து எடுத்து வந்த இரை நறுக்கும் கத்தியால் நான் நரம்பை அறுத்தேன். அப்போது தண்ணீர் என் கழுத்துக்கு வந்திருந்தது.

கரையில் இருமி இருமித் தண்ணீரைத் துப்பினார். மணிக்கட்டில் ரத்தம். அவர் பேசிய முதல் வார்த்தை:

“எவ்ளோ பெரிய பாறை! ஏண்டி அறுத்த?”

நான் ஜெபமாலையை எடுத்துக்கொண்டேன். வாயைத் திறந்திருந்தால் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டி வந்திருக்கும்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?