மண்ணைப் பார்த்தால் திறக்கும் கத்தி

காதோரம் வைத்துத்தான் திறக்கிறார் ராஜாமணி. கட்டைவிரல் நகத்தை அலகின் பள்ளத்தில் கொடுத்து மெல்ல இழுக்கிறார். பாதி திறந்ததும் நிறுத்திக் கண்ணை மூடிக்கொள்கிறார். மீதிப் பாதியை விட்டதும் ‘டக்’ என்று ஒரு சத்தம்.

“கேட்டீங்களா சார்? இதுக்குத் தொண்ட கட்டல. எண்ணெ கண்ட ஸ்பிரிங்கு. யாரோ ரொம்ப நாளு ஆசையா வச்சிருந்திருக்காங்க.”

மறுபடி மூடுகிறார். மூடுகிற சத்தத்தையும் கேட்கிறார். அதன் பிறகுதான் கத்தியைக் கண்ணால் பார்ப்பார்: பிடி மான்கொம்பா எருமைக்கொம்பா, ஆணி பித்தளையா இரும்பா, அலகின் அடியில் முத்திரை ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று.

நல்லம்பள்ளியைத் தாண்டி மலைப்பக்கம் திரும்புகிற சாலையோரம் அவருடைய நர்சரி. பச்சை வலைப் பந்தலுக்குக் கீழே கறுப்புப் பைகளில் மாங்கன்றுகள் வரிசை வரிசையாக நிற்கின்றன. வலை வழியே இறங்கும் வெயில் பச்சையாகி, அங்கே நடமாடுகிறவர்கள் குளத்தடியில் நடப்பதுபோல் தெரிகிறார்கள். ராஜாமணிக்கு ஐம்பது நெருங்குகிறது. சேலைக்கு மேல் கணவர் காளியப்பனின் பழைய காக்கிச் சட்டை, அதன் பையில் தொழில் கத்தி. நாட்டு மாங்கன்றின் தலையைச் சீவி, தண்டைப் பிளந்து, செந்தூரா ரக மாங்குச்சியை ஆப்பு போலச் செதுக்கிச் செருகி, பிளாஸ்டிக் நாடா சுற்றுகிறார். பேசிக்கொண்டே செய்கிறார். கன்று வாங்கப் போன நான் பேச்சில் உட்கார்ந்துவிட்டேன். அதன் பிறகு கன்று வாங்காமலே பலமுறை போயிருக்கிறேன்.

அவர் சேர்ப்பது மடக்குக் கத்திகள். தொழிலுக்கு எடுப்பதில்லை, கேட்பதற்கும் பார்ப்பதற்கும்தான். நாற்று விடுகிற குழித்தட்டில், ஒரு குழிக்கு ஒரு கத்தியாக நட்டு வைத்திருக்கிறார். தையல் மெஷின் எண்ணெய் மட்டுமே போடுவார். “தேங்கெண்ணெ போட்டா பிசுபிசுன்னு புடிச்சுக்கும், அப்பறம் வாயே தொறக்காது.” தட்டை அவர் மடியில் வைத்துப் பார்த்திருக்கும்போது, ஏதோ முளைக்கப்போகிறது என்று காத்திருப்பவர் போலிருக்கும்.

முதல் கத்தி பழைய இரும்பு வாங்க வந்தவரின் சாக்கிலிருந்து வந்தது. ஒரு பக்கம் அலகு, மறு பக்கம் நாக்குப் போல ஒரு எலும்புத் துண்டு. உடைந்த குடத்தைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிக்கொண்டார். “அந்த எலும்பு எதுக்குன்னு அவருக்குத் தெரியலைங்க. எனக்குப் பாத்ததுமே தெரிஞ்சுபோச்சு. மொட்டு ஒட்டறப்ப பட்டையத் தூக்கறதுக்கு. என்னாட்டமே ஒருத்தி, எங்கியோ குளிரு ஊருல, ரோசாச் செடிக்கு ஒட்டுக் கட்டிக்கிட்டு இருந்திருக்கா.” ஏன் ஒருத்தன் இல்லை, ஒருத்தி என்று கேட்டேன். “பிடி தேஞ்ச எடத்துல என் வெரலு சரியா உக்காருதுங்களே” என்றார்.

இப்படித்தான் ஒவ்வொரு கத்திக்கும் ஓர் ஆள் வந்து சேர்ந்துவிடுகிறார். அலகில் அம்புக்குறி போட்ட பட்டாளத்துக் கத்தியின் சொந்தக்காரருக்குத் தாடி உண்டு. முத்துச்சிப்பிப் பிடி போட்ட சின்னக் கத்திக்காரர் கடிதம் பிரிப்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்திய ஒரு வக்கீல். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டால் கோபப்படுவதில்லை. “தெரியாதுங்க. ஆனா அப்பிடித்தான் இருக்கும்” என்பார்.

காளியப்பன் லாரி டிரைவர். வடக்கே லோடு போகும்போதெல்லாம் கத்தி வாங்கி வருவார். “மத்த டிரைவருங்க பொண்டாட்டிக்குப் பொடவ வாங்கியாருவாங்க. எங்கூட்டுக்காரரு கத்தி வாங்கியாருவாரு. ஊருல கேக்காத கேலி இல்லீங்க.” ராம்பூரில் வாங்கிய பித்தளைப் பிடிக் கத்தி மீன் மாதிரி இருக்கும், திறந்தால் பல்சக்கரம் ஏறுவதுபோல் கரகரவென்று சத்தம் போடும். எங்கோ ஒரு தாபாவில் வண்டியை நிறுத்தி, புதிதாகக் கிடைத்த கத்தியைப் போன் அருகே வைத்து அவர் திறந்து மூட, இங்கே மாங்கன்றுகளுக்கு நடுவே ராஜாமணி கண்ணை மூடிக் கேட்டு ஊர் சொல்வார். பாதி சரியாக இருக்கும். “தப்பாச் சொன்னாலும் அவரு ‘கரெக்ட்டு, கரெக்ட்டு’ம்பாரு. வூட்டுக்கு வந்தப்பறம் முத்திரயப் பாத்தாத்தான் தெரியும்.”

தட்டில் ஒரு வகைக்கு மட்டும் இடமில்லை. பொத்தானை அமுக்கினால் அலகு பாய்ந்து வெளியே வருகிற கத்தி. “அது ரவுடிக் கத்திங்க. மெரட்டறதுக்குன்னே செஞ்சது. நாம நகத்தக் குடுத்து இழுத்தாத்தான் வரணும், மனசிருந்தா வரணும்” என்பார். காளியப்பன் ஒருமுறை ஆசையாக வாங்கி வந்ததை ராஜாமணி அடுத்த லோடிலேயே திருப்பி அனுப்பிவிட்டாராம்.

போன வருடம் தொப்பூர் கணவாயில் காளியப்பனின் லாரி கவிழ்ந்தது. உயிர் மிஞ்சியது. வலது கையை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்தவர் சாலைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தார். லாரிச் சத்தம் கேட்டால் டி.வி.யைக் கூட்டி வைப்பார். சோற்றை இடது கையால் உண்ணப் பழகிவிட்டார். சட்டைப் பொத்தானுக்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். பழத்தை மட்டும் தொடவில்லை. வண்டி ஓட்டிய காலத்தில் கிளீனருக்கும் பக்கத்து வண்டிக்காரருக்கும் ஆரஞ்சு உரித்து, கொய்யா அறுத்து நீட்டியே பழகியவர். ராஜாமணி மாம்பழத்தைத் துண்டு போட்டுக் கிண்ணத்தில் வைத்தபோது கிண்ணத்தைத் தள்ளிவிட்டார்.

“அறுத்துக் குடுத்துத் தின்ன நான் என்னா கொழந்தையா?”

“இல்லீங்க, நான் சும்மா…”

“சும்மா எதுவும் செய்யாத, புள்ள.”

அதற்குப் பிறகு வீட்டுக்குள் பழம் வருவது நின்றுபோனது. சுற்றிலும் மாமரம், வீட்டில் மாம்பழம் இல்லை.

ஒரு நாள் மத்தியானம் தண்ணீர்க் குழாயை மாற்றிப் போடப் பின்பக்கம் போன ராஜாமணி சட்டென்று நின்றார். காளியப்பன் குத்துக்கல்லில் உட்கார்ந்திருந்தார். குழித்தட்டிலிருந்து எடுத்த ஒரு கத்தியின் பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு, இடது கை நகத்தால் அலகை இழுத்துக்கொண்டிருந்தார். அலகு பாதி வந்து வழுக்கியது. உதடு கிழிந்து, தாடையில் ரத்தம் இறங்கியது. அவர் துடைக்கவில்லை, மறுபடியும் கடித்தார்.

“நான் பாத்தேன்னு அவருக்குத் தெரியக்கூடாதுங்க. தண்ணி ஓடுனா ஓடுட்டும்னு அப்பிடியே பின்னாலயே நடந்து வந்துட்டேன்” என்றார் ராஜாமணி. அன்றைக்கு நர்சரியின் ஒரு பாத்தி முழுக்கச் சேறாகிவிட்டது.

ஒரு கையால் திறக்கிற கத்தியைத் தேட ஆரம்பித்தார். தான் வீட்டுக்குள் விடாத ரவுடிக் கத்தியைத் தானே தேடிப் போனார். தருமபுரியில் ரயிலேறிப் பெங்களூரு. அங்கே ஞாயிற்றுக்கிழமை பழஞ்சாமான் சந்தை. துருப்பிடித்த பூட்டும் கடிகாரமும் பரப்பியிருந்த ஒரு கிழவர், இவர் கேட்டதும் பையை இழுத்து மூடிக்கொண்டார்.

“பேடம்மா. ஹெங்கஸரிகெ அல்ல.” பெண்களுக்கு இல்லையாம்.

“நனகெ அல்ல அண்ணா. நம்ம யஜமானரிகெ” என்றார் ராஜாமணி. வீட்டுக்காரருக்குக் கத்தி வாங்க வந்த பெண்ணைக் கிழவர் அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. சிரித்துவிட்டுப் பையைத் திறந்தார்.

பொத்தான் கத்திகளை ஒவ்வொன்றாக இடது கையில் மட்டும் பிடித்து அமுக்கிப் பார்த்தார். எல்லாம் பாய்ந்து திறந்தன. மூடும்போதுதான் சிக்கல்: பொத்தானை ஒரு கை அமுக்கிக்கொண்டிருக்க, இன்னொரு கை அலகை மடக்க வேண்டும். “தொறக்கறதுக்கு ஒரு கை போதும், மூடறதுக்கு ரெண்டு வேணும்னா அது பாதி மரியாததானங்க? தொறந்துபுட்டு என்னயக் கூப்புடணுமா அவரு?”

ஒன்றும் வேண்டாம் என்று எழுந்தபோது, உடைசல் குவியலில் ஒரு மரப்பிடி கண்ணில் பட்டது. நகம் வைக்கப் பள்ளமில்லை. பொத்தானும் இல்லை. பக்கவாட்டில் ஒரு நெம்புகோல் மட்டும். ஸ்பிரிங் போய்விட்டது, அலகு நிற்காமல் ஆடுகிறது என்றார் கிழவர். ராஜாமணி அதைத் தலைகீழாகப் பிடித்து நெம்புகோலை அமுக்கினார். அலகு தன் கனத்தில் தானே வழுக்கி வெளியே வந்தது. விரலை எடுத்ததும் நின்று பூட்டிக்கொண்டது. முனையை மேலே திருப்பி மறுபடி அமுக்கினார். வந்த வழியே உள்ளே போய்விட்டது. காதில் வைத்துக் கேட்டார். ஸ்பிரிங்கின் பேச்சே இல்லை. துணி நழுவுவதுபோல் ஒரு சத்தம், கடைசியில் சின்னதாக ஒரு ‘டிக்’.

போனில் இப்படி ஒன்றின் படத்தைப் பார்த்த ஞாபகம் அவருக்கு. பழைய சண்டைக்காலத்தில், விமானத்திலிருந்து பாராசூட்டில் குதிக்கிற சிப்பாய்களுக்காக ஜெர்மனியில் செய்தது. மரத்தில் கயிறு சிக்கி, ஒரு கை மாட்டிக்கொண்டால், மற்றொரு கையால் அறுத்துக்கொண்டு இறங்குவதற்கு. முத்திரையில் பாதி எழுத்து தேய்ந்திருந்தது. அசலா, பின்னால் யாரோ செய்த நகலா என்று இன்றுவரை அவருக்கு உறுதியில்லை. “அசலுன்னா எங்கியோ கண்ணாடிப் பொட்டியில இருக்க வேண்டியது. நகலுன்னா எவரோ ஆசப்பட்டுச் செஞ்சது. ரெண்டும் எனக்குச் சம்மதந்தாங்க.”

திரும்பி வரும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ஓசூர் தாண்டிப் பாறைக்குன்றுகள் மெதுவாகப் பின்னால் போயின. தூங்கினாரா விழித்திருந்தாரா என்று அவருக்கே தெரியவில்லை. வானம் முழுக்க வெள்ளைக் குடைகள் இறங்கிக்கொண்டிருந்தன. ஒன்று மட்டும் காற்றில் விலகி வந்து, ஒட்டுக்கு அவர் குச்சி எடுக்கும் தாய்மரமான பெரிய செந்தூரா மேல் விழுந்தது. பூத்த மரத்தின்மேல் இன்னொரு பூவாக வெள்ளைத்துணி. நடுவில் ஒருவர் தொங்கிக்கொண்டிருந்தார். முகத்தைப் பார்க்க அண்ணாந்தபோது தருமபுரி வந்துவிட்டது.

“அது யாருன்னு நெனைக்கறீங்க?” என்றேன்.

“தெரியாதுங்க” என்றார். இந்த முறை ‘ஆனா’ என்று தொடரவில்லை.

கத்தியைக் கணவருக்கென்று சொல்லி நீட்டவில்லை. “இது எந்த ஊருன்னு புடிபடலைங்க. சத்தமே வர்ல. நீங்க பாத்துச் சொல்லுங்க” என்று பக்கத்தில் வைத்தார்.

“எனக்கென்னா தெரியும்? நீதான காது வச்சுக் கேக்கறவ” என்று சொல்லிவிட்டு, காளியப்பன் அதை ஜன்னல் கட்டையில் போட்டார். கத்தி அங்கேயே கிடந்தது. சாரல் அடித்தது, தூசி படிந்தது. ராஜாமணி அந்த ஜன்னலைத் துடைக்காமலே விட்டுவைத்தார்.

பிறகொரு காலை, கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தபோது வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்தது.

“இந்தா புள்ள! இதத் தலகீழாப் புடிக்கோணும்! மண்ணப் பாத்தா வருது, வானத்தப் பாத்தா உள்ள போவுது!”

“அப்பிடிங்களா?” என்றார் ராஜாமணி, அப்போதுதான் தெரிந்துகொண்டவர் போல. உள்ளே அவர் சிரிப்பது கேட்டது. கத்தி எந்த ஊர் என்பதை மட்டும் காளியப்பன் பிடிவாதமாக ராம்பூர் என்றே சொல்கிறார். ராஜாமணி “கரெக்ட்டு, கரெக்ட்டு” என்கிறாராம்.

இந்த வைகாசியில் நான் போனபோது மரங்களில் கடைசிக் காய்கள். காளியப்பன் தானே போய் ஒரு செந்தூராவைப் பறித்துக்கொண்டு வந்து, எங்களுக்கு எதிரே கவிழ்த்துப் போட்ட கூடையின் முன் உட்கார்ந்தார். “சாருக்கு நான் அறுத்துத் தர்றேன்” என்றார். பழத்தைக் கூடைமேல் வைத்து, குறைந்த வலது கையின் முனையால் அழுத்திக்கொண்டார். இடது கையில் கத்தி மண்ணைப் பார்த்தது; அலகு வந்தது. முதல் வெட்டில் பழம் வழுக்கி உருண்டு புழுதியில் விழுந்தது. குனிந்து எடுத்தார். சட்டையில் துடைத்தார். மறுபடி அழுத்தினார். இந்த முறை சாறு முழங்கைவரை வழிந்தது, பழம் மீண்டும் நழுவப் பார்த்தது. அவர் நெற்றியில் வேர்வை.

நான் என்னை அறியாமல் பாதி எழுந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். ராஜாமணி என்னைக் கவனிக்கவே இல்லை. பழத்தையே பார்த்தபடி, தன் இரண்டு கைகளையும் தொடைகளுக்கு அடியில் கொடுத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.