அப்பா பேசிய நோர்வேஜிய மொழி

ஒஸ்லோவில் நடிப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த துசாந்தினி, 2006இல் யாரும் வந்து பார்க்கக்கூடிய மாணவர் நிகழ்ச்சியில், தனக்கு நன்கு தெரிந்த ஒருவராக நடிக்க வேண்டியிருந்தது. பஸ் ஓட்டும் தன் அப்பா இராஜதுரையையே அவள் எடுத்துக்கொண்டாள். அவருடைய தப்பும் தவறுமான நோர்வேஜிய மொழியையும், சொல் வராதபோது விரலைச் சொடுக்குவதையும் அப்படியே செய்தாள். மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது.

குனிந்து வணங்கி நிமிர்ந்தபோதுதான் கடைசி வரிசையில் அப்பாவைக் கண்டாள். வேலை முடிந்த கையோடு, சொல்லாமல், சீருடையுடனேயே வந்திருந்தார். அவரும் கைதட்டிக்கொண்டிருந்தார்.

வெளியே வந்ததும், "நல்லாச் செய்தனீ, பிள்ளை," என்றார். "நான் கதைச்சா அப்பிடியோ கேக்கும்?"

"இல்லையப்பா, அது சும்மா நடிப்பு."

வீடு இருந்த மோர்டென்ஸ்ருட்டுக்குப் போகும் ரயிலில் பயணச்சீட்டுப் பரிசோதகர் அவரிடம் ஏதோ கேட்டார். எவரிடமும் தயங்காமல் பேசுகிற மனிதர், மகளைப் பார்த்தார்.

"நீயே சொல்லு, பிள்ளை."

அவள் சொன்னாள். முகம் தீயாய் எரிந்தது.

ஆண்டிறுதி நிகழ்ச்சியிலும் அதையே நடிக்கும்படி ஆசிரியர் கேட்டபோது அவள் மறுத்துவிட்டாள். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்போது அப்பா அதன் பிறகு நோர்வேஜிய மொழியில் வாய் திறக்கவே இல்லை.