கொஞ்சம் பாத்துக்கங்க

டாக்டரம்மா உண்மையில் டாக்டர் இல்லை. டாக்டர்கள் நோயாளியைப் பார்த்து முடித்ததும் பேசிப் பதிவு செய்து அனுப்புவதைக் காதில் வாங்கி, எழுத்தாக அடித்துக் கொடுப்பது அவள் வேலை. பன்னிரண்டு வருடமாக அதுதான் பிழைப்பு. ஒரு டாக்டர் எதையாவது மென்றுகொண்டே பேசுவார். இன்னொருவர் காரை ஓட்டிக்கொண்டே பேசுவார். எல்லாரையும் அவளுக்குக் குரலிலேயே தெரியும். திரையில் நோய்ப் பெயர்களைப் பார்த்துவிட்டு பின்னாளில் அவள் உட்கார்ந்து வேலை பார்த்த விமான நிலையத்தில் தரை துடைக்கும் அக்கா வைத்த பெயர்தான் டாக்டரம்மா. கணவன் காதுக்கு அது போனதும் அவனும் பிடித்துக்கொண்டான்.

"என்ன டாக்டரம்மா, இன்னைக்கு எத்தனை பேரைக் காப்பாத்துனீங்க?" என்பான், லிப்ட் பழுது பார்த்த எண்ணெய்க் கையைத் துடைத்தபடி.

முதலில் வீட்டில் உட்கார்ந்து அடித்துக்கொண்டிருந்தவள்தான். கீழ்வீட்டைக் கிரில் பட்டறைக்கு வாடகைக்கு விட்டார்கள். காலை ஒன்பதுக்கு இரும்பு அறுக்க ஆரம்பித்தால் மேசை மேல் தண்ணீர் டம்ளர் நடுங்கும். ஒருநாள் வலது சிறுநீரகம் என்பதை இடது என்று அடித்துவிட்டாள். டாக்டர் கண்ணில் பட்டதால் தப்பித்தது. அன்று ராத்திரி அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த வாரம் வெளிநாடு போகிற தம்பியை வழியனுப்ப விமான நிலையம் போனாள். அவன் உள்ளே போனபிறகு, சீட்டு இல்லாதவர்களும் உட்காரக்கூடிய வெளிக்கூடத்தில் சும்மா மடிக்கணினியைத் திறந்தாள். ஒரு மணி நேரத்தில் ஐந்து பதிவுகள் முடிந்தன. சத்தம் இல்லாமல் இல்லை. அறிவிப்பு, பெட்டிச் சக்கரம், அழுகை, சிரிப்பு எல்லாம் இருந்தது. ஆனால் எதுவும் அவளை நோக்கி வந்த சத்தம் இல்லை. மறுநாளும் போனாள். இரண்டாவது தூணுக்குப் பக்கத்து நாற்காலி, காலடியில் பிளக் பாயிண்ட், குளிர்ந்த காற்று. மகளைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு ஒன்பதரைக்கு வந்தால் இரண்டு மணி வரை நிமிர மாட்டாள்.

ஒரே ஒரு தொல்லை. கழிப்பறைக்குப் போக வேண்டுமென்றால் கடையை மொத்தமாகக் கட்டித் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இரண்டாவது வாரம் அப்படி அவள் ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோதுதான் எதிர் நாற்காலிக்காரர் பேசினார்.

"எதுக்குங்க எல்லாத்தையும் தூக்கறீங்க? போய்ட்டு வாங்க, நான் பாத்துக்கறேன்."

ஐம்பது வயதிருக்கும். இஸ்திரி போட்ட சட்டை, மடியில் தலையணை மாதிரி ஒரு சட்டப் புத்தகம். கப்பல் சரக்குச் சட்டப் பரீட்சைக்கு மூன்றாவது தடவையாகப் படிப்பதாகச் சொன்னார். வீட்டில் படிக்க முடியவில்லையாம், மூன்று பேரப்பிள்ளைகளாம். அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே ஒரு நிம்மதியும். தன்னை மாதிரி இன்னொரு பைத்தியம்.

அவர் அவள் கணினியைப் பார்த்துக்கொண்டார். அவள் அவர் பையைப் பார்த்துக்கொண்டாள். நான்கு மாதம் இப்படி ஓடியது. வாசல் காவலர்கள் அவளைக் கண்டால் தலையசைக்கும் அளவுக்குப் பழகிவிட்டாள்.

பரீட்சைக்காரர் அதிகம் பேச மாட்டார். கேட்டதை மட்டும் மறக்கவே மாட்டார். அவள் எப்போதோ சொன்ன பட்டறை, தம்பி, கணவனின் முறைவேலை எல்லாம் வாரங்கள் கழித்து அவர் பேச்சில் சரியாக வந்து நிற்கும். அவர் எழுந்து போகும் நேரம் மெல்ல மெல்ல நீண்டது. பத்து நிமிடம் முக்கால் மணியானது. நீலப் பையோடு போனவர் கறுப்புப் பையோடு திரும்பினார். ஒருநாள் புத்தகம் விரித்தபடி கிடந்தது. கப்பல் படம் போட்ட பக்கம். பத்து நாள் கழித்தும் அதே கப்பல். பாவம், படிப்பு ஏறவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள்.

இன்னொரு நாள் அவர் பையை விட்டுவிட்டு எழுந்து போயிருந்தபோது, கழுத்தில் அடையாள அட்டை தொங்க ஓர் இளைஞன் வந்தான். "அண்ணன் பையை வாங்கிட்டு வரச் சொன்னாருங்க" என்றான். அவள் தயங்கினாள். உடனே அவள் கைப்பேசி அடித்தது. பரீட்சைக்காரர்தான். "குடுத்துடுங்கம்மா, நம்ம பையன்தான்." கொடுத்துவிட்டாள். தன் எண்ணை அவருக்கு எப்போது கொடுத்தோம் என்று அப்புறம்தான் யோசித்தாள். நினைவுக்கு வரவில்லை.

அதன்பின் ஒரு செவ்வாய்க்கிழமை. மணி பன்னிரண்டு. அவர் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்.

"பாப்பாவோட வேன் இன்னைக்கு வராது போலிருக்கே. டிரைவருக்கு உடம்பு சரியில்லையாம்."

அவள் காதிலிருந்து ஹெட்போனை எடுத்தாள். வேனைப் பற்றி அவரிடம் அவள் பேசியதே இல்லை.

"உங்களுக்கு யார் சொன்னா?"

"காதுல விழுந்துச்சு." பையிலிருந்து பழுப்புத் தாள் ஒட்டிய ஒரு பொட்டலத்தை எடுத்து அவள் கணினி மேல் வைத்தார். "ஒரு சின்ன உதவி. வெளியே வண்டி நிறுத்தற இடத்துல ஒரு அம்மா நிப்பாங்க. இதைக் குடுத்துட்டு வந்துடுங்க. இங்க எல்லாருக்கும் உங்களைத் தெரியும், யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க."

"அவசரப் பதிவு ஒண்ணு இருக்குங்க" என்றாள்.

அவர் கோபப்படவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டார். "நாளைக்குன்னாலும் பரவாயில்ல" என்று சிரித்தார்.

கழிப்பறைக்குள் போய்ப் பள்ளிக்கு அழைத்தாள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்ட வேன் ஓட்டுநர் உண்மையாகவே உடம்பு சரியில்லையென்று வீட்டுக்குப் போயிருந்தார். முகம் கழுவிக்கொண்டிருந்தவள் அருகே தரை துடைக்கும் அக்கா வந்து நின்றாள்.

"டாக்டரம்மா, உங்க நாற்காலியில போன வருஷம் ஒரு தம்பி உக்காந்து படிப்பான். இவர் பையைப் பாத்துப்பான். ஒருநாள் போலீஸ் வந்து கூட்டிட்டுப் போச்சு. இவர் அன்னைக்கு அந்தக் கோடியில உக்காந்து படிச்சிட்டிருந்தாரு."

"இதை ஏன்க்கா இவ்வளவு நாளா சொல்லல?"

"எனக்கு இந்த வேலை வேணும்மா." அக்கா வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கணவன் கேட்டுவிட்டு எழுந்துபோய் வாசற்கதவைத் தாழிட்டான். பிறகு, "அந்தப் பக்கமே தலை வைக்காதே. போலீசுக்குப் போனா உன்னைத்தான் முதல்ல கேப்பாங்க, பையைக் குடுத்தது நீதானே. நமக்கு எதுக்கு வம்பு" என்றான். அவள் மனசும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. மகளை அவனே பள்ளியில் விட்டு அழைத்து வந்தான். தெரியாத எண்ணிலிருந்து தினமும் பன்னிரண்டு மணிக்கு ஓர் அழைப்பு வந்தது. அவள் எடுக்கவில்லை.

ஆறு நாள் பட்டறைச் சத்தத்தில் அடித்தாள். ஏழாம் நாள் காலை நிறுவனத்திலிருந்து கடுமையாக ஒரு கடிதம் வந்தது. மருந்து ஒத்துக்கொள்ளும் ஆளா இல்லையா என்று டாக்டர் சொன்ன வரியில், கடைசி 'இல்லை' இரும்புச் சத்தத்தில் காணாமல் போயிருந்தது. இனி ஒரு தவறு என்றால் வேலை போய்விடும். கூடத்தின் வேறு கோடியில், அவர் கண்ணில் படாமல் உட்கார்ந்துகொள்ளலாம் என்று கிளம்பினாள்.

கூடத்தின் மேல்மாடிக் கைப்பிடியிலிருந்து எட்டிப் பார்த்தாள். அவள் நாற்காலியில் இருபது வயதுப் பெண் ஒருத்தி, மடி நிறையக் குறிப்புத் தாள்களோடு. பரீட்சைக்காரர் ஏதோ சொன்னார். அந்தப் பெண் சிரித்தபடி எழுந்து, பழுப்புப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தாள். புத்தகங்களை அவரிடம் விட்டுவிட்டுப் போனாள்.

கால் எப்படிப் போனது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியாது. காவல் மேசை முன் நின்றிருந்தாள். "அந்தப் பொண்ணை நிறுத்துங்க. அவளுக்கு எதுவும் தெரியாது, நிறுத்துங்க" என்றாள்.

நிறுத்தினார்கள். பொட்டலத்தில் ஒன்பது பேருடைய கடவுச்சீட்டுகள் இருந்தன, எல்லாம் திருட்டு. தூண் பக்கம் ஓடிப் பார்த்தபோது பரீட்சைக்காரர் இல்லை. சொன்ன பெயரும் முகவரியும் பொய். டாக்டரம்மாவை ஜன்னல் இல்லாத அறையில் ஆறு மணி நேரம் வைத்துக் கேட்டார்கள். அவள் பையை எடுத்துக் கொடுக்கும் படம் அவர்களிடம் தெளிவாக இருந்தது. "தினமும் வேலை பாக்க ஏர்போர்ட்டுக்கு வருவீங்களா?" என்று அதிகாரி மறுபடி மறுபடி கேட்டார். அவளுக்கு நடந்தது அத்தனையும் உண்மை. சொல்லச் சொல்ல அவள் காதுக்கே கட்டுக்கதை மாதிரி இருந்தது. கையெழுத்து வாங்கி அனுப்பினார்கள், கூடத்துக்குள் இனி வரக்கூடாது என்று.

அந்தப் பெண்ணைப் பதினோரு நாள் கழித்துத்தான் விட்டார்கள். அதற்குள் அவள் எழுத வேண்டிய நர்சிங் பரீட்சை முடிந்திருந்தது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அம்மா வீடு தேடி வந்தார். திட்டுவார் என்று டாக்டரம்மா எதிர்பார்த்தாள். வந்தவர் நாற்காலி நுனியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

"நீங்க சொன்னதாலதான் பொண்ணு பொழைச்சான்னு வக்கீல் சொல்றாரு. இன்னும் எத்தனை தடவை எடுத்துட்டுப் போயிருப்பாளோ." டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார். "ஒண்ணு மட்டும் கேக்கணும். அந்த ஆள் சரியில்லைன்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

"அதுக்கு முந்தின வாரம். செவ்வாய்க்கிழமை."

கீழே இரும்பு அறுக்கும் சத்தம் எழும்பி அடங்கியது.

"எம்பொண்ணு முதல்முதலா அங்க படிக்கப் போனது புதன்கிழமைங்க."

தண்ணீரைக் குடிக்காமலே வைத்துவிட்டு எழுந்து படியிறங்கினார். டாக்டரம்மா ஜன்னலில் நின்று, அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்தாள். பிறகு எதிர்ச்சாரியில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். யாரும் இல்லை. ஆனாலும் மகள் பள்ளியிலிருந்து வந்து சேரும்வரை அவள் அங்கிருந்து நகரவில்லை.